முதலில் வடிகால், பிறகு கோட்டை: ஹுன்ஸாவிலும் பல்திஸ்தானிலும் நான் கண்ட ஒரு பாடம்

எங்கள் ஊர்ப் பள்ளியின் பழைய முன்மண்டபத்தை உடைத்த நாளில் நான் ஊரில் இருந்தேன். பலா மரத்தில் செதுக்கிய எட்டுத் தூண்கள், பீலி ஓட்டுக் கூரை, தேய்ந்து வழுவழுத்த சுண்ணாம்புத் தரை. காலையில் தொடங்கிய வேலை அஸருக்கு முன்பே முடிந்துவிட்டது. ஆறு தூண்களை ஒரு வியாபாரி லொறியில் ஏற்றிக்கொண்டு போனார். அவை கரையோரத்து ஹோட்டல் ஒன்றின் வரவேற்பு மண்டபத்தில் நிற்பதாகப் பிறகு கேள்விப்பட்டேன். "சிலேப் போட்டா இனி நூறு வருஷத்துக்குக் கவலல்ல மகன்" என்றார் நிருவாகத்திலிருந்த பெரியவர் ஒருவர். அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. மழை நாளில் ஒழுகும் கூரைக்குக் கீழே வாளி வைத்தவர் அவர். நான் லீவுக்கு வந்துபோகிறவன்.

ஆனாலும் ஒரு கேள்வி மனதைவிட்டுப் போகவில்லை. அந்தத் தூண்களுக்குப் பக்கத்தில் இருந்து தேநீர் குடிக்க உல்லாசப் பயணிகள் டொலரில் காசு கொடுக்கிறார்கள். எங்கள் மலைநாட்டு ஊர் வழியாகத்தான் அவர்கள் பஸ் போகிறது. நிற்பதில்லை. பார்க்க என்ன இருக்கிறது? இருந்ததை நாங்களே லொறியில் ஏற்றி அனுப்பிவிட்டோமே.

இதற்கு ஒரு விடையை நான் கண்டது பாகிஸ்தானின் வடக்கு மலைகளில். அங்கு படித்த காலத்தில் ஒரு தடவையும், பின்னர் அதற்கென்றே ஒரு தடவையும் ஹுன்ஸாவுக்கும் பல்திஸ்தானுக்கும் போய் வந்தேன். மலையூர்களின் பழைய கட்டடங்களை வைத்து, ஊரையும் கெடுக்காமல் சுற்றுலாவையும் வளர்க்கலாமா என்பதை முப்பது வருடங்களுக்கு மேலாகச் செய்து பார்த்திருக்கும் இடம் அது. அங்கு சரிவந்ததும் உண்டு, சறுக்கியதும் உண்டு. இரண்டையும் சொல்கிறேன்.

பாதை வந்தது, சீமெந்தும் வந்தது

ஹுன்ஸா என்பது கரகோரம் மலைத்தொடரின் நடுவே உள்ள ஒரு பள்ளத்தாக்கு. எதிரே 7,788 மீற்றர் உயரமான ராக்கபோஷி சிகரம். 1974 வரை ஹுன்ஸாவை 'மீர்' என்ற பட்டமுடைய சிற்றரசர்கள் ஆண்டார்கள். அவர்களது பழைய இருப்பிடமான பல்தித் கோட்டை, இன்று கரீமாபாத் எனப்படும் ஊருக்கு மேலே ஒரு மேட்டில் நிற்கிறது. அதன் மிகப் பழைய பகுதிகளுக்கு ஏறத்தாழ எழுநூறு வயது.

அங்கு மழை மிகக் குறைவு. வயலுக்கும் பழமரத்துக்கும் தண்ணீர் வருவது மலையிடுக்கில் உறைந்து கிடக்கும் பனியாறுகள் உருகித்தான். பாறை விளிம்பில் வெட்டிய வாய்க்கால்கள் வழியாக அந்த நீர் படிக்கட்டு வயல்களுக்கு இறங்குகிறது. ஒரு துண்டு விளைநிலத்தை உண்டாக்கத் தலைமுறைகள் உழைத்திருக்கின்றன. ஆகவே முன்னோர் விளைநிலத்தில் வீடு கட்டவில்லை. விளையாத பாறை மேட்டில், கோட்டையின் காலடியில், சுவரோடு சுவர் ஒட்டி நெருக்கமாகக் கட்டினார்கள். பகைவர் பயமும் அதற்கு ஒரு காரணம். அந்த ஊர் அமைப்பே ஒரு நிலச் சட்டம்தான். எழுதி வைக்காத சட்டம்.

சீனாவும் பாகிஸ்தானும் சேர்ந்து அமைத்த கரகோரம் நெடுஞ்சாலை 1978இல் திறக்கப்பட்டது. 1986இல் எல்லையிலுள்ள குஞ்சராப் கணவாய் வெளிநாட்டுப் பயணிகளுக்கும் திறந்துவிடப்பட்டது. லொறிகள் சீமெந்தும் தகரமும் கொண்டுவந்தன. ஜீப்புகள் பயணிகளைக் கொண்டுவந்தன. நெருக்கமான பழைய வீடுகளில் மலசலகூட வசதி இல்லை, வடிகால் இல்லை, புகை போகும் வழி சரியில்லை. வசதியுள்ள குடும்பங்கள் இறங்கி வந்து வயல் நடுவே சீமெந்துக் கல்லால் வீடு கட்டத் தொடங்கின. பக்கத்தில் ஹோட்டல்களும் முளைத்தன. இப்படியே போனால், பயணி எதைப் பார்க்க வந்தாரோ அதை அவருக்காகக் கட்டும் கட்டடமே விழுங்கிவிடும்.

கோட்டையின் நிலையும் மோசம். 1945இல் மீர் குடும்பம் கீழேயுள்ள புது மாளிகைக்கு இறங்கிய பிறகு அது ஆளில்லாமல் கிடந்தது. கூரை ஒழுகிச் சுவர் பிளந்து, ஒரு பக்கம் சரியத் தொடங்கியிருந்தது.

அந்தச் சுவருக்குள் என்ன இருக்கிறது?

பல்தித் கோட்டைக்குள் நுழைகிறவர் முதலில் குனிய வேண்டும். வாசல்கள் அவ்வளவு பதிவு. குளிர் உள்ளே வரக்கூடாது, பகைவன் நிமிர்ந்து வரக்கூடாது. மேல்தளத்துக்கு ஒரு துவாரத்தின் வழியாக மரப்படியில் ஏறுகிறோம். அறைகளின் மேற்கூரையில் சதுரத்துக்குள் சதுரமாக, ஒவ்வொன்றும் கீழ்ச்சதுரத்தின் மூலைகளை வெட்டும் விதமாக மரங்களை அடுக்கி, நடுவில் ஒரு திறப்பு விட்டிருக்கிறார்கள். வெளிச்சம் வருவதும் புகை போவதும் அதன் வழியேதான். பாமீர் மலைகளிலும் இதே கூரை உண்டு.

சுவரைப் பற்றித்தான் நான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். வெறும் கல்லும் மண்ணுமாக அடுக்கினால் நில அதிர்வில் சரிந்துவிடும் என்று அந்தப் பழைய ஓடாவிமாருக்குத் தெரிந்திருந்தது. அவர்கள் குறிப்பிட்ட உயரத்துக்கு ஒரு தடவை சுவருக்குள் ஏணி மாதிரி இரட்டை மரச் சட்டங்களைப் படுக்கையாக வைத்தார்கள். மூலைகளில் மரங்களை ஒன்றன்மேல் ஒன்று குறுக்கும் நெடுக்கும் அடுக்கிப் பெட்டி போலாக்கி, உள்ளே கல்லும் மண்ணும் நிரப்பினார்கள். நிலம் ஆடும்போது மரம் வளைந்து கொடுக்கிறது, கல் உரசி நகர்கிறது. சுவர் முழுதாக விழுவதில்லை.

இது பழங்கதை அல்ல. 2005 ஒக்ரோபர் 8இல் காஷ்மீர்ப் பகுதியைத் தாக்கிய 7.6 அளவிலான பூமியதிர்ச்சியில் பாகிஸ்தான் பக்கத்தில் மட்டும் எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் மௌத்தானார்கள். சரியாகக் கட்டப்படாத கொங்கிரீட் கட்டடங்கள், பாடசாலைகள் உட்பட, இடிந்து விழுந்தன. மரச்சட்டத்துக்குள் கல்லும் மண்ணும் அடைத்த 'தஜ்ஜி' வகைப் பழைய வீடுகள் பல தாக்குப்பிடித்தன. அதைப் பார்த்த பிறகு, மீள்கட்டுமானத்துக்குப் பொறுப்பான அரச அதிகாரசபை தஜ்ஜி வீட்டையும், மரப்பட்டி வைத்துக் கட்டும் கல்வீட்டையும் உதவிப் பணம் பெறத் தகுதியான கட்டுமுறைகளாக ஏற்றுக்கொண்டது. பழமை என்றால் பலவீனம் என்ற எண்ணம் எல்லா இடத்திலும் சரிவராது.

கோட்டைக்கு உரிமையாளர் யார்?

பல்தித் கோட்டையின் புனரமைப்பை ஆகா கான் கலாசார அறக்கட்டளை பொறுப்பேற்றது. இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். ஹுன்ஸா மக்களில் பெரும்பாலோர் இஸ்மாயிலிகள். பல்திஸ்தானின் ஷிகர் பக்கம் ஷீஆக்கள் அதிகம். கப்லு பக்கம் நூர்பக்ஷிய்யா ஸூபி மரபினர் அதிகம். அகீதா வேறுபாடுகளை ஆராய்வது இக்கட்டுரையின் வேலை அல்ல. ஒரு சமூகம் தன் கட்டடங்களை எப்படிக் கையாண்டது என்பதே என் கவலை.

மீர் குடும்பம் கோட்டையை ஒரு பொது அறக்கட்டளைக்குக் கையளித்தது. 'பல்தித் மரபுரிமை அறக்கட்டளை' என்று அதற்குப் பெயர். புனரமைப்பு 1996இல் முடிந்து, அவ்வருடம் செப்டெம்பரில் கோட்டை நூதனசாலையாகத் திறக்கப்பட்டது. உக்கிப்போன மரங்களுக்குப் புது மரம் வைத்தார்கள். பழைய முறையால் மட்டும் தாங்காத இடங்களில், மண் சுவருக்குள் வெளியே தெரியாமல் செயற்கை இழை வலையைப் பதித்தார்கள். பழைய கையும் புதிய பொறியியலும் சேர்ந்த வேலை அது. 2004இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் மரபுரிமைப் பாதுகாப்பு விருதுகளில் அதியுயர் விருது அதற்குக் கிடைத்தது.

பயணி வாங்கும் ரிக்கட் காசு அந்த அறக்கட்டளைக்குப் போகிறது. அதிலிருந்துதான் வழிகாட்டிகளுக்கும் காவலாளிகளுக்கும் சம்பளம், கூரைக்கு வருடாவருடம் மண் பூசும் கூலி எல்லாம். மண் கூரைக்கு ஓய்வே கிடையாது. பனி உருகும் பருவத்தில் ஒரு வருடம் கவனிக்காவிட்டாலும் நீர் இறங்கிவிடும். கொடை கொடுப்பவர் ஒரு தடவை வந்து திறந்து வைத்துவிட்டுப் போவார். இருபது வருடங்களுக்குக் கூரைக்கு மண் பூசுகிறவனுக்கு யார் கூலி கொடுப்பது? மரபுரிமைத் திட்டங்கள் அநேகமாக விழுவது இந்தக் கேள்வியில்தான்.

இதைப் படிக்கும் நமக்கு இது புதிதல்ல. மூலத்தை விற்காமல், பங்கு போடாமல் நிறுத்தி வைத்து, அதிலிருந்து வரும் பயனைப் பொது நன்மைக்குச் செலவிடுவதை நாம் வக்பு என்கிறோம். பல்தித்தில் நடப்பது சட்டப்படி வக்பு அல்ல. ஆனாலும் அதன் உயிர் அதுதான்.

அல்தித்தில் மாறிய வரிசை

பல்தித்திலிருந்து சற்றுக் கிழக்கே அல்தித் என்ற ஊர். அங்குள்ள கோட்டை பல்தித்தைவிடப் பழையது. ஹுன்ஸா ஆற்றுக்கு மேலே செங்குத்தான பாறை நுனியில் நிற்கிறது. கோட்டைக்கு வெளியே 'குன்' எனப்படும் பழைய குடியிருப்பு. ஒருவர் கூரை இன்னொருவர் முற்றம்.

இந்த இடத்தில் வேலையின் வரிசையை மாற்றினார்கள். கோட்டையைத் தொடுவதற்கு முன்பே குடியிருப்பைத் திருத்தினார்கள். ஒடுங்கிய சந்துகளுக்குக் கல் பாவினார்கள். கழிவுநீர்க் குழாய் பதித்தார்கள். மின்கம்பிகளை நிலத்துக்குக் கீழே கொண்டுபோனார்கள். பழைய வீட்டின் தூண்களையும் கூரைத் திறப்பையும் கெடுக்காமல் மலசலகூடம் அமைத்துக் கொடுத்தார்கள். கோட்டை பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது 2007இல்தான்.

இது எனக்கு முதலில் விளங்கவில்லை. அங்கு ஒரு வீட்டுத் திண்ணையில் அப்ரிகொட் பழம் காயவைத்துக்கொண்டிருந்த முதியவர் ஒருவரிடம் என் அரைகுறை உருதுவில் கேட்டேன். "கோட்டை மீருடையது, வீடு எங்களுடையது. முதலில் எங்கள் வீட்டில் குழாய் போட்டார்கள். அதற்குப் பிறகுதான் கோட்டையைப் பற்றிச் சொன்னதை உட்கார்ந்து கேட்டோம்" என்றார்.

ஒரு மலையூர்க் குடும்பத்துக்குப் பழைய வீடு பெருமை அல்ல. அது தண்ணீர் சுமப்பது, புகையில் இருமுவது, இரவில் குளிரில் வெளியே போவது. அந்தக் கஷ்டத்தைப் போக்காமல் "உங்கள் வீடு அழகு, உடைக்காதீர்கள்" என்று வெளியூர்க்காரன் சொன்னால் அது உபதேசம். கஷ்டத்தைப் போக்கிவிட்டுச் சொன்னால்தான் அது யோசனை. எங்கள் பள்ளிப் பெரியவருக்கும் யாராவது முதலில் ஒழுகாத கூரைக்கு வழி சொல்லியிருந்தால், தூண்களைப் பற்றிய பேச்சு வேறு மாதிரி முடிந்திருக்கலாம்.

அல்தித்தில் இன்னொரு விஷயமும் நடந்தது. திருத்த வேலைகளுக்காக இளம் பெண்களுக்குத் தச்சு வேலையும் நில அளவையும் வரைபடமும் பழக்கினார்கள். பெண்கள் உளி பிடிப்பதா என்று ஆரம்பத்தில் முணுமுணுப்பு இல்லாமலில்லை. இன்று அந்தப் பெண்களின் பட்டறையில் சாளரங்களும் தளபாடங்களும் செய்கிறார்கள். கோட்டையோடு சேர்ந்த பழத்தோட்டத்தில் பெண்கள் நடத்தும் சிறு உணவகம் ஒன்றும் இருக்கிறது. உள்ளூர் ரொட்டியும் அப்ரிகொட் எண்ணெயும் அங்கே கிடைக்கும். பயணி கொடுக்கும் காசு ஊருக்குள் எத்தனை கைகளுக்கு மாறுகிறது என்று பார்த்தால், கோட்டை ரிக்கட்டைவிட இந்த உணவகமும் பட்டறையும்தான் எனக்குப் பெரிதாகத் தெரிந்தன.

தங்கும் மாளிகைகள்

ஹுன்ஸாவிலிருந்து தென்கிழக்கே, கே-2 சிகரத்துக்குப் போகும் வழியில், பல்திஸ்தானின் ஷிகர் ஊர் இருக்கிறது. அங்குள்ள பதினேழாம் நூற்றாண்டு மாளிகைக்கு 'ஃபொங்-கர்' என்று பெயர். பாறை மேல் மாளிகை என்று பொருள். அடியில் உண்மையாகவே ஒரு பெரும்பாறை கிடக்கிறது.

இங்கு வேறு வழியைத் தேர்ந்தார்கள். எல்லாக் கட்டடத்தையும் நூதனசாலை ஆக்க முடியாது. தொலைவில் உள்ள ஊருக்கு ரிக்கட் வாங்க எத்தனை பேர் வரப்போகிறார்கள்? ஆகவே மாளிகையின் ஒரு பகுதியை நூதனசாலையாக வைத்துக்கொண்டு, மீதியை இருபது அறைகள் கொண்ட சிறு தங்குமிடமாக மாற்றினார்கள். 2005இல் திறந்தார்கள், அடுத்த வருடம் யுனெஸ்கோ விருது கிடைத்தது. ஓர் அறையும் இன்னோர் அறை மாதிரி இல்லை. சுவரை இடித்து அறையைப் பெருப்பிக்காமல், இருக்கும் அறைக்குள் குளியலறையை அடக்கியிருக்கிறார்கள். வேலை செய்கிறவர்கள் பெரும்பாலும் அந்தப் பள்ளத்தாக்குப் பிள்ளைகள். வருமானத்தில் ஒரு பங்கு ஊர்ச் சபைக்குப் போகிறது.

இதே வழியில் கப்லு ஊரில் 1840இல் கட்டப்பட்ட அரச மாளிகையும் புனரமைக்கப்பட்டுத் தங்குமிடமாகியிருக்கிறது. அதற்கு யுனெஸ்கோ விருது 2013இல் கிடைத்தது. இடத்தை எப்படித் தெரிவு செய்தார்கள் என்று அங்கு ஒரு கதை சொல்வார்கள்: மேலிருந்து ஒரு பாறையை உருட்டிவிட்டார்களாம், அது வந்து நின்ற இடத்தில் மாளிகையாம்.

குறையையும் சொல்லத்தான் வேண்டும். அந்த அறைகளின் வாடகை உள்ளூர்க்காரருக்கு எட்டாது. நானும் ஷிகரில் தேநீர் மட்டும் குடித்துவிட்டு வேறிடத்தில்தான் தங்கினேன். தன் மூதாதையர் மரம் சுமந்து கட்டிய மாளிகையில் ஒரு விவசாயி விருந்தாளியாக நுழைய முடியாது, வேலைக்காரனாக நுழையலாம். ஊர்ச் சபைக்குப் போகும் பங்கு இந்த உறுத்தலைக் கொஞ்சம் குறைக்கிறது, இல்லாமலாக்கவில்லை.

பள்ளிகளை என்ன செய்தார்கள்?

நம் வாசகர்களுக்கு இதுதான் நெருக்கமான கேள்வி. கோட்டையை நூதனசாலை ஆக்கலாம், மாளிகையை ஹோட்டல் ஆக்கலாம். பள்ளி அல்லாஹ்வின் வீடு. அதைக் காட்சிப்பொருள் ஆக்க முடியுமா?

கப்லுவில் சக்சன் பள்ளி என்று ஒன்று இருக்கிறது. 1370இல் கட்டப்பட்டதாகச் சொல்கிறார்கள். ஈரானின் ஹமதானிலிருந்து வந்து காஷ்மீரிலும் பல்திஸ்தானிலும் தீனைப் பரப்பியவராகப் போற்றப்படும் மீர் ஸெய்யித் அலீ ஹமதானீயின் பெயரோடு அதைச் சேர்த்துச் சொல்வது அங்குள்ள வழக்கு. திபெத்திய, காஷ்மீர, பாரசீகச் சாயல்கள் மூன்றும் அதன் மர வேலைப்பாட்டில் தெரிகின்றன. கீழ்த்தளம் குளிர்காலத் தொழுகைக்கு, மேல்தளம் கோடைக்கு. ஷிகரில் அம்புரிக் பள்ளி என்ற சின்னஞ்சிறு மரப்பள்ளி புனரமைக்கப்பட்டு 2005இல் யுனெஸ்கோ விருது பெற்றது. ஹுன்ஸாவின் கனிஷ் கிராமத்தில், ஊர் முற்றத்தைச் சுற்றி நான்கு சிறிய பள்ளிகள். ஒவ்வொன்றும் ஒரு குலத்தாருடையது. வாசற்கால்களிலும் தூண்களிலும் பூவும் கொடியுமாகச் செதுக்கல்கள். அவற்றின் புனரமைப்புக்கு 2002இல் விருது கிடைத்தது.

சக்சன் பள்ளியில் நான் அஸர் தொழுதேன். தொழுகை முடியும் வரை பயணிகள் நால்வர் சப்பாத்தைக் கழற்றிவிட்டு வெளியே காத்திருந்தார்கள். யாரும் அவர்களை அதட்டவில்லை. ஜமாஅத் கலைந்த பிறகு ஒரு பெரியவரே அவர்களை உள்ளே அழைத்துச் சென்று காட்டினார். பள்ளி பயணிக்காக இருக்கவில்லை. பயணி பள்ளிக்காகக் காத்திருந்தார். அந்த ஒழுங்கு தலைகீழாகாத வரைக்கும், விருந்தாளி வந்து பார்ப்பதால் பள்ளிக்கு இழுக்கு எதுவும் வருவதாக எனக்குத் தோன்றவில்லை.

சறுக்கிய இடங்கள்

இரண்டாவது தடவை நான் கரீமாபாத்துக்குப் போன நேரம் மனம் கனத்துவிட்டது. கோட்டை அழகாகவே நிற்கிறது. ஆனால் அதன் கூரையில் நின்று கீழே பார்த்தால், முதற் பயணத்தில் படிக்கட்டு வயலாகக் கண்ட இடங்களில் நாலு மாடி, ஐந்து மாடிக் கொங்கிரீட் ஹோட்டல்கள். கோட்டை தெரியும் ஜன்னல்தான் அவற்றின் விளம்பரமே. ஒவ்வொன்றும் எழும்ப எழும்பப் பின்னால் இருப்பதற்குக் கோட்டை தெரியாமல் போகிறது. கோடையில் தண்ணீருக்குத் தட்டுப்பாடு, மின்வெட்டு, கழிவு எங்கே போகிறது என்ற கேள்வி.

ஒரு கட்டடத்தை மீட்டெடுக்க அறக்கட்டளை போதும். ஓர் ஊரைக் காக்கச் சட்டம் வேண்டும். அதை அமுல்படுத்த ஓர் அதிகாரமும் வேண்டும். ஆரம்பத்தில் ஊர்ச் சபை அமைத்து, எங்கே கட்டலாம் எங்கே கட்டக்கூடாது என்று பேசித்தான் இருந்தார்கள். ஆனால் ஒரு வயற்துண்டில் பார்லி விதைத்து வரும் காசும் அதில் ஹோட்டல் கட்டி வரும் காசும் ஒன்றா? காணிக்காரனின் தேவைக்கு முன் ஊர்ச் சபையின் வேண்டுகோள் நிற்கவில்லை.

மலை சும்மா இருக்கப் போவதுமில்லை. 2010 ஜனவரி 4இல் அத்தாபாத்தில் மலை சரிந்து ஆற்றை மறித்தது. கிராமம் அழிந்தது, உயிர்கள் போயின, நெடுஞ்சாலை நீருக்குள் மூழ்கிப் பெரிய ஏரி உண்டானது. இன்று அந்த ஏரிக்கரையிலேயே ஹோட்டல்கள் வரிசையாக நிற்கின்றன. 2022 மே 7இல் ஷிஷ்பர் பனியாற்றில் தேங்கிய நீர் உடைத்துக்கொண்டு வந்து ஹஸனாபாத்தின் கொங்கிரீட் பாலத்தை அடித்துப் போனது. எந்த இடத்தில் வீடு கட்டக்கூடாது என்று முன்னோருக்கு இருந்த அறிவு மரபுரிமையின் ஒரு பகுதி. சுவரைப் பாதுகாத்துவிட்டு அந்த அறிவைக் கைவிட்டால் பாதி வேலைதான் செய்ததாகும்.

நமக்கு என்ன?

இதே ஆகா கான் நிறுவனங்களின் கட்டடக்கலை விருது, 2001இல் நம் நாட்டு ஜெஃப்ரி பாவாவுக்குத் தலைவரின் விசேட விருதாகக் கொடுக்கப்பட்டது. முற்றம், தாழ்வாரம், ஓட்டுக் கூரை, மரத்தூண் என்று நாம் 'பழசு' என உடைத்தவற்றைக் கொண்டே உலகம் மெச்சும் கட்டடங்களை அவர் ஆக்கினார். நம்மிடம் பொருள் இல்லை என்பதில்லை. அதன் பெறுமதி நமக்குக் கடைசியாகத்தான் தெரிகிறது; லொறிக்காரருக்கு முதலில் தெரிகிறது.

எல்லாப் பழைய பள்ளியையும் உடைக்கக்கூடாது என்று நான் சொல்லவில்லை. ஜும்ஆவுக்கு இடம் போதாவிட்டால் பெருப்பிக்கத்தான் வேண்டும். ஆனால் உடைக்க முன்னர் கேட்க வேண்டிய சில கேள்விகளை அந்த மலைகளில் கற்றுக்கொண்டேன். புதிய மண்டபத்தைப் பழையதன் மேல் அல்லாமல் பின்னால் கட்ட முடியாதா? ஒழுகுவது கூரையா, அல்லது பீலியில் அடைத்த சருகா? இந்த மரவேலையைத் திருத்தத் தெரிந்த ஓடாவி இன்னும் உயிரோடு இருக்கிறாரா, அவரிடம் பழக ஒரு பிள்ளையை அனுப்பலாமா? வழியில் போகும் பயணி ஒரு மணி நேரம் நின்றால் யாருடைய கடையில் தேநீர் குடிப்பார்? அந்தக் காசில் ஒரு பங்கு கூரைக்கு வர என்ன ஏற்பாடு? 1956ஆம் ஆண்டின் வக்பு சட்டத்தின் கீழ் நம் பள்ளிகள் பதியப்படுகின்றன. அதன் சொத்துக் கணக்கில் செதுக்கிய தூணும் பழைய ஓடும் ஒரு வரியாகவாவது எழுதப்படுகின்றனவா?

கடைசியாகப் பயணியைப் பற்றி யோசிக்க வேண்டும். அல்தித் வரிசைப்படி முதலில் ஊர்க்காரரின் கஷ்டம், பிறகு கட்டடம், பிறகுதான் விருந்தாளி. இந்த வரிசையில் போனால் பயணி வராவிட்டாலும் நட்டமில்லை. நல்ல வடிகாலும் ஒழுகாத கூரையும் மிச்சம். தலைகீழாகப் போனால் பயணி வந்தாலும் நட்டம்தான்.

எங்கள் பள்ளியின் எட்டுத் தூண்களில் இரண்டை அந்த வியாபாரி எடுக்கவில்லை. அடியில் உக்கியிருந்ததால் விலை போகாது என்று விட்டுவிட்டார். அவை இப்போது பள்ளிக்குப் பின்னால், சந்தூக்கு வைக்கும் கொட்டிலின் கூரையைத் தாங்கி நிற்கின்றன. போன ஹஜ்ஜுப் பெருநாளைக்கு ஊருக்குப் போன நேரம் மேசன் பாஸிடம் கேட்டேன். உக்கிய அடியை வெட்டிவிட்டு ஒன்றரை அடி உயரத்தில் கருங்கல் பீடம் வைத்தால், மண் ஈரம் படாமல் இன்னும் வெகுகாலம் நிற்கும் என்றார். அதே நிருவாகப் பெரியவர் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "அதுக்கு எவ்வளவு போகும்?" என்று விசாரித்தார். கணக்குப் போட்டுக் கொடுத்திருக்கிறேன்.